ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து குறும்படத் திரைக்கதை எழுதுவதும் கதை சொல்வதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி, மூக்கையூர் என்று நம் கடற்கரை ஊர்களில் குறும்படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. வேண்டிய கேள்விக்கு நேராகப் போய்விடலாம். உதாரணத்துக்கு மட்டும் ஒரே ஒரு கதையைக் கடைசிவரை வைத்திருக்கிறேன். அது மூன்றாவது கேள்வியில் வருகிறது.

சினிமா படிக்கவில்லை, சென்னையில் யாரையும் தெரியாது. எழுத முடியுமா?

முடியும். திரைக்கதைக்கு யாரும் பட்டம் கேட்பதில்லை. கலைஞர் டிவியின் 'நாளைய இயக்குனர்' நிகழ்ச்சியில் குறும்படம் காட்டிய கார்த்திக் சுப்பராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன் எல்லாரும் பிறகு பெரிய படம் இயக்கப் போனார்கள். மதுரைக்காரரான கார்த்திக் சுப்பராஜ் அதற்கு முன்பு சாஃப்ட்வேர் வேலையில் இருந்தவர். ஆள் தெரியாதது எழுதுவதற்குத் தடையில்லை. எழுதி முடித்த பிறகுதான் ஆள் தேவைப்படும்.

குறும்படம் என்றால் எத்தனை நிமிடம்?

ஆஸ்கர் விதிப்படி டைட்டில் எல்லாம் சேர்த்து 40 நிமிடத்துக்குள். நடைமுறையில், முதல் படத்துக்கு 7 முதல் 12 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். விழாக்காரர்கள் ஒரு அமர்வில் பல படங்களைப் போட வேண்டியிருப்பதால், 25 நிமிடப் படத்துக்கு இடம் ஒதுக்கக் கொஞ்சம் யோசிப்பார்கள்.

என்னிடம் இருப்பது கதையா, வெறும் சம்பவமா? எப்படித் தெரிந்துகொள்வது?

அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். "எங்க ஊர்ல ஒருத்தர் இருந்தாரு, அவரு கடலுக்குப் போனாரு, திரும்பி வரல" என்றால் அது சம்பவம். மனசு கனக்கும், சரி. ஆனால் பார்க்கிறவர் 10 நிமிடம் உட்கார வேண்டுமென்றால் ஒரு ஆளுக்கு ஏதோ ஒன்று வேண்டியிருக்க வேண்டும். அது கிடைக்க ஒரு கெடு இருக்க வேண்டும். குறுக்கே ஒருவர் நிற்க வேண்டும், அவரும் கெட்டவராக இல்லாவிட்டால் இன்னும் நல்லது.

ஒரு கதையை வைத்தே பார்ப்போம். பாம்பனில் மச்சான் மாப்பிள்ளை இருவர். கூட்டாக ஒரு வல்லம், அதாவது நாட்டுப்படகு, வைத்திருக்கிறார்கள். ஏதோ பணத் தகராறில் இரண்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இதுவரை இது வெறும் நிலவரம்தான்.

இப்போது கெடு வைப்போம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகுகள் போகலாம். விசைப்படகு மீன் வராத அந்த நாட்களில் நாட்டுப்படகு மீனுக்கு நல்ல விலை கிடைக்கும். வியாபாரி முன்பணம் கொடுத்திருக்கிறார், முதல் நாளே மீன் வேண்டும் என்கிறார். வலையோ நடுவில் கிழிந்து கிடக்கிறது. ஏப்ரல் 14 பொழுது சாய்வதற்குள் இருவரும் சேர்ந்து தைத்து முடிக்க வேண்டும், பேசாமலே. நடுவில் செய்தி சொல்ல பத்து வயதுப் பையன் ஒருவன். ஒருவருக்கு மகன், இன்னொருவருக்கு அக்கா மகன். அவன் செய்தியை உள்ளபடி சொல்லாமல் மாற்றிச் சொல்ல ஆரம்பிக்கிறான்.

இப்போது கதை வந்துவிட்டது. இதில் எனக்குப் பிடித்தது வலைதான். இரண்டு முனையிலிருந்து தைத்துக்கொண்டே வந்தால் கிழிசல் குறையக் குறைய இருவரும் நெருங்கித்தான் ஆக வேண்டும். யாரும் யாரையும் சமாதானப்படுத்தத் தேவையில்லை, வேலையே இருவரையும் பக்கத்தில் கொண்டுவந்து விடுகிறது. உங்கள் கதையில் இப்படி ஒரு வேலை இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

எங்கள் கரையைப் பற்றி எழுதினால் தனுஷ்கோடியையும் நடுக்கடல் கைதையும் விட்டுவிட்டு என்ன எழுதுவது?

இரண்டும் உண்மை, இரண்டும் பெரிய துயரம். 1964 டிசம்பர் 22 இரவு புயலில் தனுஷ்கோடி அழிந்ததும், பாம்பனிலிருந்து போன ரயில் பயணிகளோடு கடலில் போனதும் இன்றும் வீடுகளில் பேசுகிற விஷயம். ஆனால் வெளியிலிருந்து கேமராவோடு வருகிற எல்லாரும் முதலில் எடுப்பது அந்த இடிந்த தேவாலயத்தைத்தான். நீங்களும் அதே சுவரை எடுத்தால், ஊர்க்காரராக உங்களுக்கு மட்டும் தெரிந்தது எதுவும் படத்தில் இருக்காது.

இந்தக் கரையில் கெடுவுக்குக் குறைச்சலே இல்லை. விசைப்படகுக்கு மீன்வளத் துறையின் அனுமதி டோக்கன் கிடைத்தால்தான் கடலுக்குப் போக முடியும். ஏலம் முடிவதற்குள் மீன் கரை சேர வேண்டும். கருவாடு களத்தில் கிடக்கும்போது மேகம் கறுக்கும். முண்டு மிளகாய் காய்கிற நேரத்தில் தூறல் விழும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய்தான், மழைக்கு அது தெரியவா போகிறது? கீழக்கரை வீட்டில் நோன்பு திறக்க அரை மணி நேரம் இருக்கும்போது துபாயிலிருந்து போன் வரும். தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், கடல்பாசி எடுக்கப் போகிற பெண்கள் தீவுப் பக்கம் வனத்துறைப் படகு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். 1986இல் 21 தீவுகளைச் சேர்த்து மன்னார் வளைகுடா தேசியக் கடல் பூங்கா அறிவிக்கப்பட்ட பிறகு, தாய் பாசி எடுத்த இடத்தில் மகள் எடுக்கலாமா என்பதே ஒரு கேள்வி. இதில் எதை எடுத்தாலும் ஒரு குறும்படம் இருக்கிறது. எதற்கும் ட்ரோன் தேவையில்லை.

துயரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. துயரத்திலிருந்து தொடங்க வேண்டாம், வேலையிலிருந்து தொடங்குங்கள் என்கிறேன். ஐஸ் பெட்டி, தராசு, டீசல் கேன், பாசி மூட்டை என்று கையில் பிடிக்கிற பொருளிலிருந்து தொடங்கினால் துயரம் தானாக வந்து சேரும், சிரிப்பும் வரும். நம் ஊர் ஆட்கள் எவ்வளவு நக்கல் பேசுவார்கள் என்பது குறும்படங்களில் வருவதே இல்லை. அது எனக்கு ஒரு குறைதான்.

திரைக்கதை தாளில் எப்படி இருக்க வேண்டும்?

பழைய தமிழ் சினிமா வழக்கத்தில் தாளை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வசனம் எழுதுவார்கள். இப்போது விழாக்களுக்கும் வெளி ஆட்களுக்கும் அனுப்புவதென்றால் தாளைப் பிரிக்காமல் மேலிருந்து கீழே எழுதிப்போகிற முறைதான் வசதி. காட்சித் தலைப்பில் உள்ளா வெளியா, எந்த இடம், எந்த நேரம் என்ற மூன்றும் இருக்க வேண்டும். அதன் கீழே கண்ணுக்குத் தெரிவதும் காதுக்குக் கேட்பதும் மட்டும். நம் கதையில் ஒரு துண்டு:

வெளி. பாம்பன் வடகடற்கரை, வலைக் கொட்டகை. பிற்பகல்.

மணலில் விரித்த வலை. நடுவில் ஆள் நுழைகிற அளவுக்குக் கிழிசல். ஒரு முனையில் சேசு (42), மறுமுனையில் சூசை (35). இருவரும் குனிந்த தலை நிமிராமல் தைக்கிறார்கள். நடுவில் ராயப்பன் (10), கையில் பாதி தின்ற முறுக்கு.

சேசு: (பையனிடம்) அந்தாளுகிட்ட நூலு இருக்கான்னு கேளு.

ராயப்பன்: மாமா, நூலு இருக்கான்னு அப்பா கேக்குறாக.

சூசை: இருக்கு. என் காசுல வாங்குனதுன்னு சொல்லு.

ராயப்பன் அப்பாவைப் பார்க்கிறான். முறுக்கைக் கடிக்கிறான்.

ராயப்பன்: இருக்காம்.

நூல்கண்டை எடுத்துக்கொண்டு மணலில் நடந்துபோய் அப்பாவிடம் கொடுக்கிறான். திரும்பும்போது ஒரு கணம் நிற்கிறான்.

ராயப்பன்: போதலைன்னா இன்னும் தாரேன்னாக.

சேசுவின் கை நிற்கிறது. சூசை பக்கம் பார்க்காமலே மறுபடி தைக்கிறார்.

இவ்வளவுதான். "இருவருக்கும் நடுவே இரண்டு மாதப் பகை இருக்கிறது" என்று எங்கும் எழுதவில்லை, கவனித்தீர்களா? அப்படி எழுதினால் அதை நடிகர் எப்படி நடிப்பார், கேமரா எப்படி எடுக்கும்? "அவன் மனதுக்குள் தந்தையின் நினைவு அலைமோதியது" போன்ற வரிகளைச் சிறுகதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பையனின் இரண்டு பொய்யில் முதலாவது, மாமா சொன்ன ஒன்றைச் சொல்லாமல் விட்டது. இரண்டாவது, யாரும் சொல்லாததை அவனே சேர்த்துச் சொன்னது. முதல் பொய்க்கு முறுக்கு கடிக்கிற இடைவெளி தேவைப்பட்டது. அந்த முறுக்கு அலங்காரத்துக்கு வைத்ததல்ல.

வசனத்தை ஊர்ப் பேச்சில் எழுதலாமா? வெளியூர்க்காரருக்குப் புரியுமா?

ஊர்ப் பேச்சில்தான் எழுத வேண்டும். அதிலும் 'ராமநாதபுரப் பேச்சு' என்று ஒன்றே ஒன்று கிடையாது. பாம்பனில் பேசுவது ஒரு மாதிரி, வாப்பா, உம்மா, காக்கா என்று கீழக்கரை வீட்டில் பேசுவது இன்னொரு மாதிரி, சாயல்குடிப் பக்கம் வேறு. "வந்தாக, சொன்னாக" என்ற மரியாதையைச் சென்னை நடிகர் ஒருவர் சொன்னால் மதுரை சினிமா வாடை அடிக்கும். அதனால் முடிந்தவரை ஊர் ஆட்களையே நடிக்க வையுங்கள்.

உச்சரிப்பை எழுத்துக்கு எழுத்து உடைத்து எழுதாதீர்கள். நடிக்கிறவர் படிக்கத் திணறுவார். நாலு சொல்லில் வாசனை வந்தால் போதும், மீதி அவர் வாயிலேயே வந்துவிடும். வெளியூர்க்காரருக்குப் புரிய வைப்பது சப்டைட்டிலின் வேலை. விழாவுக்கு ஆங்கில சப்டைட்டில் எப்படியும் கேட்பார்கள். அதைக் கடைசி நாள் கூகிளிடம் விடாமல், வட்டாரப் பேச்சு தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள்.

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்கிறார்களே, தமிழிலும் அப்படியா?

அது 12 புள்ளி கூரியர் எழுத்துருவில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த தாளுக்கு வந்த கணக்கு. தமிழ் எழுத்துரு, எழுத்தின் அகலம், வரி இடைவெளி எல்லாம் வேறு. போன் ஸ்டாப்வாட்சை ஓட விட்டு, வசனத்தை வாய்விட்டுச் சொல்லி, அசைவுகளை நடித்துப் பாருங்கள். ராயப்பன் மணலில் நடக்கிற நேரம் தாளில் ஒரு வரிதான், திரையில் பத்து விநாடி.

எந்த மென்பொருள்?

கூகிள் டாக்ஸ் போதும். குரலில் பேசினாலே தமிழில் தட்டச்சு செய்யும், திருத்த மட்டும் பொறுமை வேண்டும். திரைக்கதைக்கென்றே வேண்டுமானால், இந்தியாவில் உருவான 'ஸ்கிரைட்' தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் எழுத வசதி தருகிறது. நோட்டில் எழுதினாலும் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

கடலுக்குள் படகுக் காட்சி எழுதலாமா?

எழுதும்போது கடல் ஒரே சொல்தான். எடுக்கும்போது டீசல், இரண்டாவது படகு, உயிர்காப்பு உடை, வாந்தி எடுக்கிற கேமராமேன் என்று பில் நீளும். முதல் படத்துக்குக் கரையிலேயே கதையை முடித்துக்கொள்வது உத்தமம். கடலைக் காட்டாமலே கடலை உணர வைக்க வழி உண்டு. காத்திருக்கிறவர் முகம் போதும்.

அனுமதி விஷயங்களையும் எழுதும்போதே நினைவில் வையுங்கள். தீவுகள் வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத்தளம் இருக்கிறது, அதனால் அந்தப் பக்கம் ட்ரோன் என்ற பேச்சை எடுப்பதற்கு முன் ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டுகிற அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள். பாம்பன் ரயில் பாலத்தில் ஏறி எடுக்க ரயில்வே அனுமதி வேண்டும். 1914இல் திறந்த பழைய பாலமானாலும் சரி, 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலமானாலும் சரி. கோயிலுக்குள் செல்போனே கூடாது. "தனுஷ்கோடி, நள்ளிரவு" என்று எழுதிவிட்டுப் பிறகு திண்டாடாதீர்கள், பொழுது சாய்ந்தால் அங்கிருந்து கிளப்பி விடுவார்கள்.

ஒன்லைன் எப்படி எழுதுவது?

"மீனவர்களின் வலியைப் பேசும் படம்." இது ஒன்லைன் இல்லை, போஸ்டரில் போடுகிற வரி. யார், என்ன வேண்டும், எது தடுக்கிறது, எந்தக் கெடுவுக்குள் என்ற நாலும் இரண்டு வாக்கியத்துக்குள் வர வேண்டும்.

நம் கதைக்கு இப்படி எழுதலாம்: "தடைக்காலம் தொடங்குவதற்கு முந்தின நாள், பேச்சுவார்த்தை இல்லாத மச்சான்கள் இருவர் பொழுது சாய்வதற்குள் ஒரே வலையைத் தைத்து முடிக்க வேண்டும். நடுவில் தூது போகும் பத்து வயதுப் பையன் செய்தியை மாற்றிச் சொல்லத் தொடங்குகிறான்." படித்தவர் "அப்புறம்?" என்று கேட்டால் ஒன்லைன் வேலை செய்கிறது. "நல்ல கருத்து" என்று சொன்னால் மறுபடி எழுதுங்கள்.

தயாரிப்பாளரிடம் கதை சொல்லப் போகிறேன். எப்படிச் சொல்வது?

தமிழ் சினிமாவில் இன்றும் தாளைவிட வாய்க்குத்தான் மதிப்பு. பைண்ட் செய்த ஸ்கிரிப்ட்டை மேசையில் வைத்தாலும், "சரி தம்பி, கதையச் சொல்லுங்க" என்பார்கள். இதற்கென்றே தனியாகத் தயாராக வேண்டும்.

முதலில், "ஓப்பன் பண்ணா கடல்" வேண்டாம். கடற்கரையிலிருந்து போகிற எல்லாரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். ஆளிலிருந்து தொடங்குங்கள்: "சேசுன்னு ஒருத்தர், வயசு நாப்பத்திரண்டு, மச்சானோட ரெண்டு மாசமா பேச்சு இல்ல." ஆளைப் பிடித்துவிட்டால் கடல் தானே வரும். வாயாலேயே பின்னணி இசை போடுவது, ஒவ்வொரு காட்சிக்கும் 'கட் பண்ணா' சொல்வது, "இந்த இடத்துல தியேட்டரே அழும் சார்" என்பது எல்லாம் கேட்கிறவரைக் களைப்பாக்கும். அழுவாரா இல்லையா என்பதை அவரே பார்த்துக்கொள்வார்.

இரண்டு அளவில் தயார் செய்யுங்கள். லிஃப்டிலும் டீக்கடையிலும் சொல்ல இரண்டு நிமிடம், உட்கார வைத்துக் கேட்டால் பத்து நிமிடம். முடிவை மறைக்காதீர்கள். "முடிவு சஸ்பென்ஸ் சார், படத்துல பாருங்க" என்று சொன்னால் பணம் போடுகிறவருக்கு எரிச்சல்தான் வரும். அவர் விலைக்கு வாங்குவது முடிவையும் சேர்த்துத்தான்.

பயிற்சிக்கு வலை தைக்கிற கொட்டகையைவிட நல்ல இடம் இல்லை. கை வேலையில் இருக்கிறவர்களிடம் கதையைச் சொல்லுங்கள். எந்த இடத்தில் கை நின்று முகம் உங்கள் பக்கம் திரும்புகிறது, எந்த இடத்தில் பக்கத்து ஆளிடம் வேறு பேச்சுக்குப் போகிறார்கள் என்று பாருங்கள். பேச்சு மாறிய இடத்தில் திரைக்கதையில் ஓட்டை இருக்கிறது. மரியாதைக்காகத் தலையாட்டுகிற நண்பர்களைவிட இவர்கள் நேர்மையானவர்கள். "இந்த ஒத்த நூல்கண்டுல ரெண்டு பேரும் தைக்க முடியாதே" என்று தொழில் பிழையையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "இத நீங்க ஏன் எடுக்கணும்?" ஆர்வம், லட்சியம் என்று போகாமல் கையில் இருப்பதைச் சொல்லுங்கள். கொட்டகை சித்தப்பாவுடையது, வலை இருக்கிறது, நடிக்க ஊர் ஆட்கள் சம்மதித்துவிட்டார்கள், ஒரே இடம், மூன்று பேர், பகல் வெளிச்சம், இரண்டு நாள் ஷூட்டிங். இதைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் மனதுக்குள் கணக்குப் போடத் தொடங்குவார். ஒரு பக்கத்தில் ஒன்லைன், கதைச் சுருக்கம், செலவு, உங்கள் போன் எண் எல்லாம் அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

சென்னைக்குப் போகாமல் யாரிடம் கதை சொல்லலாம்?

குறும்படத்துக்குப் பணம் போடுகிறவர் சினிமாக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. வளைகுடாவில் தொழில் செய்கிற கீழக்கரைக்காரர், ஐஸ் கம்பெனி வைத்திருப்பவர், படித்த கல்லூரி, ஊர் சங்கம் எல்லாமே கேட்டுப் பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் படத்தில் அவர் கடை போர்டு வர வேண்டும் என்பார். ஒத்துக்கொள்வதா இல்லையா என்பதைப் போவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கோவா திரைப்பட விழாவோடு சேர்த்து 2021 முதல் இளம் திரைக் கலைஞர்களைத் தேர்ந்தெடுக்கிற திட்டம் ஒன்று நடக்கிறது, பின்பு அதில் 48 மணி நேரக் குறும்படப் போட்டியும் சேர்ந்தது. வயது வரம்பு 35. திரைக்கதை எழுதுகிறவர்களும் விண்ணப்பிக்கலாம். எடுத்த படத்தை அனுப்ப, 2008 முதல் திருவனந்தபுரத்தில் நடக்கிற கேரள ஆவணப்பட, குறும்பட விழாவும், 1990 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிற மும்பை ஆவணப்பட, குறும்பட விழாவும் மதிப்புள்ளவை. ஃபிலிம்ஃப்ரீவே தளத்தில் ஆயிரக்கணக்கான விழாக்கள் இருக்கும். அதில் மாதாமாதம் விருது கொடுத்து, கட்டணம் வாங்கி, சான்றிதழை பிடிஎஃப்பில் அனுப்புகிறவையும் உண்டு. விழா நடந்த அரங்கின் புகைப்படம் ஒன்றுகூட இல்லாவிட்டால் பணத்தைக் கட்டாதீர்கள்.

கதையைத் திருடிவிட்டால்?

1957 பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதி முடித்த நிமிடத்திலிருந்தே உரிமை உங்களுடையது. பதிவு கட்டாயமில்லை, ஆனால் வழக்கு என்று வந்தால் கை கொடுக்கும். பதிப்புரிமை அலுவலகத்தில் இணைய வழியாகவே பதியலாம். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். ஆட்சேபணைக்கு 30 நாள் காத்திருப்பு உண்டு. சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்திலும் உறுப்பினர்கள் கதையைப் பதிகிறார்கள்.

வெறும் கருவுக்கு உரிமை கிடையாது. 1978இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 'பேசாத இரண்டு மச்சான்கள்' யாருக்கும் சொந்தமில்லை. வலை, பையன், முறுக்கு, பொய் என்று நீங்கள் அடுக்கிய வரிசைதான் உங்களுடையது. அதனால் ஒன்லைனோடு நிறுத்தாமல் முழுத் திரைக்கதையையும் எழுதிவிட்டு வெளியே சொல்லுங்கள். யாரிடம் எந்தத் தேதியில் அனுப்பினீர்கள் என்பது மெயிலில் இருக்கட்டும். அதற்காகப் பயந்துபோய் யாரிடமும் சொல்லாமல் பூட்டி வைக்காதீர்கள்.

ஊரில் நடந்த உண்மைச் சம்பவத்தை எழுதலாமா?

பெயரை மாற்றினால் போதும் என்று நினைப்பார்கள். ஒரு தெருவில் நாற்பது வீடு இருக்கிற ஊரில் பெயரை மாற்றி என்ன பயன்? சம்பந்தப்பட்ட குடும்பத்திடம் முழுக் கதையையும் சொல்லிச் சம்மதம் எழுதி வாங்குங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வேறு தொழில், வேறு உறவு என்று மாற்றி எழுதும்போது கதை சில நேரம் இன்னும் நன்றாகவே அமைந்துவிடும்.

எந்த மாதத்தில் ஷூட்டிங் வைக்கிற மாதிரி எழுதுவது?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்றும் மழையும், வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கொந்தளிக்கும். மே மாதத்திலிருந்து கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கத் தொடங்கினால் தென்கடல் பொங்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். படத்துக்கு அலை வேண்டுமா, அமைதி வேண்டுமா என்பதைப் பொறுத்து எந்தக் கரை என்று முடிவு செய்யலாம், பாம்பனில் இரண்டும் நடக்கிற தூரம்தான். பொதுவாக ஜனவரி முதல் மார்ச் வரை சுகம். நம் வலைக் கதை ஏப்ரல் 14இல் நடந்தாலும் பிப்ரவரியில் எடுத்துவிடலாம், வலைக்குத் தேதி தெரியாது. கச்சானில்தான் எடுத்தாக வேண்டும் என்றால் மைக்குக்குப் பஞ்சுறை கட்டாயம். அப்படியும் காற்றுச் சத்தம் உள்ளே வரும், வசனத்தைக் குறைத்து எழுதிக்கொள்ளுங்கள்.